மண் மேல் அப்படியே வைத்துவிடலாமா? தோட்டத்து ஷெட் பற்றி ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வீட்டுத் தோட்டத்து மூலையில் 8க்கு 6 அடியில் சின்னதாக ஒரு ஷெட் வைக்க வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர்க் குழாய், உர மூட்டை, பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் மெஷின் எல்லாம் இப்போது வராந்தாவில் கிடக்கின்றன. கடல் பக்கத்தில்தான் வீடு. தகரம், பிளாஸ்டிக், மரம் மூன்றில் எது நல்லது? பெட்டியில் வருவதை வாங்கி நீங்களே இரண்டு பேராகப் பூட்டிவிட முடியுமா? கடைசியாக, தரையைக் கொத்தி மட்டம் செய்து மண் மேலேயே வைத்தால் போதாதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. பொருளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நான்கைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். தரையைத் தப்பாகப் போட்டால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் போடுவது என் தொழில், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரிய வேலைகளுக்கு நடுவே இப்படித் தோட்டத்து மூலையில் நிற்கும் சின்ன ஷெட்டுகளும் நிறையப் பூட்டியிருக்கிறேன். பூட்டியதைவிட, மற்றவர்கள் பூட்டி வீணானதைப் போய்ச் சரிசெய்ததுதான் அதிகம். மரவேலை எனக்குச் சொந்தத் தொழில் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம்தான். அதனால் மரத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு தச்சரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் மண்ணையும் நான் பார்க்கவில்லை.

அளவை முதலில் முடித்துவிடலாம். வராந்தாவில் கிடக்கும் சாமான்களை ஒரு நாள் வெளியே எடுத்து, ஷெட்டுக்குள் எப்படி வைப்பீர்களோ அப்படியே தரையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு ஆள் நின்று திரும்ப இரண்டடி விட்டு, சுற்றிலும் கயிறு போட்டு அளந்தால் உங்களுக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். கடையில் கேட்கும்போது, பெட்டியின் மேல் அச்சடித்த 8க்கு 6 எந்த அளவு என்று கேளுங்கள். பல சமயம் அது கூரையின் வெளி விளிம்பு. உள்ளே நான்கைந்து அங்குலம் குறைந்துவிடும். உயரமும் அப்படித்தான், முகட்டு உயரத்தைப் போட்டு விற்பார்கள், பக்கச் சுவர் பக்கம் போனால் தலை இடிக்கும். அப்புறம் கதவு. சாதாரணத் தள்ளுவண்டியே இரண்டேகால் அடி வரை அகலம் இருக்கும். கதவின் திறப்பு இரண்டரை அடிக்குக் குறைந்தால் ஒவ்வொரு முறையும் விரல் முட்டிதான் தேயும். தள்ளும் கதவு இடம் அடைக்காது, ஆனால் கீழ்த் தடத்தில் மண் சேர்ந்துகொண்டே இருக்கும். தோட்டத்து ஷெட்டுக்கு நான் கீல் வைத்த கதவைத்தான் சொல்வேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல மழை வரும்வரை காத்திருங்கள். மழை விட்டதும் குடையோடு போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகியும் தேங்கி நிற்கும் இடத்தை விட்டுவிடுங்கள். தோட்டத்தில் எதற்கும் உதவாத பள்ளமான மூலைதானே, அதில் ஷெட்டை வைத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்த மூலை எதற்கும் உதவாமல் கிடப்பதற்குக் காரணமே அந்தப் பள்ளம்தான். காம்பவுண்டு சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து பெயிண்ட் அடிக்க, திருகு முறுக்க, இலைகுப்பையைக் கூட்ட இரண்டடியாவது வேண்டும். அந்த இடைவெளி இல்லாத ஷெட்டில் துரு எப்போதும் பின்சுவரில்தான் ஆரம்பிக்கும், யார் கண்ணிலும் படாமல். மரத்தடி வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடிக் குழாய் இவற்றின் மேலும் வேண்டாம். எப்போதாவது திறக்க வேண்டி வரும்.

கூரைத் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 8க்கு 6 அடிக் கூரை சுமார் நாலரைச் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு மழை நாளில் அந்தச் சின்னக் கூரையிலிருந்து 220 லிட்டருக்கு மேல் இறங்கும். அவ்வளவும் இரண்டு பக்கத்து இறவாணத்துக்குக் கீழே, கையகல நிலத்தில் விழும். அங்கே வெறும் மண் இருந்தால் சேறு தெறித்துச் சுவரின் அடிப்பகுதி எப்போதும் ஈரமாகவே இருக்கும். மரம் உளுப்பதும் தகரம் துருப்பிடிப்பதும் தரையிலிருந்து அரையடிக்குள்தான் தொடங்கும், காரணம் இந்தத் தெறிப்புதான். இரண்டு பக்கமும் ஓரடி அகலத்துக்கு ஜல்லி கொட்டுங்கள். இல்லை, ஒரு பிவிசி பீலி மாட்டி டிரம்மில் பிடியுங்கள், செடிக்கும் ஆயிற்று.

சரி, மண் மேலேயே வைத்தால் என்ன? இரண்டு பிரச்சினை உண்டு. ஒன்று, மண் அசையும். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிற களிமண்ணாக இருந்தால் நான்கு மூலையும் நான்கு விதமாக ஏறி இறங்கும். எந்த மண்ணாக இருந்தாலும் மேலே இருக்கும் வேரும் மட்கும் கலந்த அடுக்கு காலப்போக்கில் அமுங்கும். மெல்லிய தகரப் பெட்டிக்குத் தனியாக எலும்பு கிடையாது. தரை முறுகினால் அதுவும் முறுகும். முதலில் கதவுதான் சொல்லும், நேற்று வரை சேர்ந்த தாழ்ப்பாள் இன்று சேராது. கதவு கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குக் கெட்டிருந்தது தரைதான். இரண்டாவது, ஈரம். பெட்டியில் வரும் தகர ஷெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தரையே கிடையாது, நான்கு பக்கமும் ஒரு அடிச்சட்டம், அதற்குமேல் சுவர், அவ்வளவுதான். வெறும் மண்ணில் வைத்தால் மண்ணின் ஈரம் முழுவதும் அந்த அறைக்குள் ஆவியாக ஏறும். கரையானும் எலியும் அதே வழியாக வரும்.

தரைக்கு என்ன வழி என்றால், கையில் இருக்கும் காசையும் மண்ணையும் பொறுத்து மூன்று உண்டு. அழுத்திய ஜல்லிப் படுகை, அதன் மேல் தளக்கற்கள், அல்லது கான்கிரீட் தளம். தனக்கென்று தரை உள்ள மர ஷெட்டுக்கும் சில பிளாஸ்டிக் ஷெட்டுக்கும் நல்ல ஜல்லிப் படுகை போதும். தண்ணீர் கீழே இறங்கிவிடுவதால் மரத்துக்குக் கான்கிரீட்டைவிட அது நல்லதென்றுகூடச் சொல்வார்கள். தரை இல்லாத தகர ஷெட்டுக்குக் கான்கிரீட்தான் என் பதில். மேல் மண்ணை வேரோடு ஆறு அங்குலம் எடுத்துவிட்டு, திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, நாலு அங்குலம் ஜல்லி பரப்பி மறுபடி இடியுங்கள். அதன் மேல் கனமான பாலித்தீன் விரிப்பு, அதற்கு மேல் நாலு அங்குலம் கான்கிரீட். தளத்தின் மேல் முகம் சுற்றியுள்ள தரையைவிட இரண்டு அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். 8க்கு 6 அடிக்கு 16 கன அடி கலவை வரும். சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று கலந்தால் 50 கிலோ சிமெண்ட் மூட்டை மூன்று போதும். பாலித்தீன் விரிப்பை மட்டும் யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். கான்கிரீட் பார்க்கத்தான் கல், கீழே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மேலே விடும்.

மூலைமட்டம் பார்க்க உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 8க்கு 6 என்றால் மூலைவிட்டம் சரியாக 10 அடி. இரண்டு மூலைவிட்டமும் 10 அடி வந்துவிட்டால் நான்கு மூலையும் நேர். கொத்தனார்கள் சதுரம் பார்க்க மூன்று, நாலு, ஐந்து என்று கயிற்றில் பிடிக்கும் கணக்கின் இரட்டிப்புதான் இது. வாங்கும் ஷெட்டின் அடிச்சட்ட அளவு கொஞ்சம் மாறும் என்பதால், அதன் கையேட்டில் உள்ள அளவை வைத்து இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பாருங்கள். மட்டத்துக்கு டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் போதும், தண்ணீர் பொய் சொல்லாது. தளம் போட்ட பிறகு ஏழு நாளாவது சாக்கு போட்டு நனைத்து வையுங்கள்.

தளத்தின் அளவில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு வீட்டில் சுற்றிலும் ஓரடி அதிகமாகத் தளம் போட்டேன். ஷெட் நடுவில் ஜம்மென்று நின்றது. முதல் மழையில் அந்த ஓரடித் திண்ணையில் விழுந்த தண்ணீர் முழுவதும் அடிச்சட்டத்துக்குக் கீழே புகுந்து உள்ளே வந்துவிட்டது. தளம் டியூப் லெவலில் பார்த்த சுத்தமான மட்டம், தண்ணீருக்கு வெளியே போவதும் உள்ளே போவதும் ஒன்றுதான். உளியை வைத்து இரண்டு நாள் விளிம்பைக் கொத்தி வெளிப்பக்கம் சாய்த்தேன், கூலி இல்லாமல். அதிலிருந்து தளத்தை ஷெட்டின் வெளிச்சுவர் அளவுக்கே போடுகிறேன், அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு படி மாதிரி தனியாக, அரை அங்குலம் தாழ்வாக, வெளியே சாய்வாகப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது பொருளுக்கு வருகிறேன். தகர ஷெட்டின் ஆயுள் தகட்டின் தடிமனில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தடிமன் முக்கியம்தான், விலை குறைந்தவற்றில் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு வரும், ஏணி சாய்ந்தாலே பள்ளம் விழும். ஆனால் துருவைத் தடுப்பது அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு. கடைக்காரரிடம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு என்று கேளுங்கள். 275 கிராம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்த கணக்கு, பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் வரும். 120 கிராம் என்றால் 8, 9 மைக்ரான்தான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் உலர்ந்த ஊர்களில் வருடத்துக்கு 1 மைக்ரானுக்கும் குறைவாகத்தான் துத்தநாகம் கரையும். உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் 2 முதல் 4 மைக்ரான் வரை போகலாம். அப்படியானால் 8 மைக்ரான் பூச்சு உங்கள் வீட்டில் எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே நல்ல வண்ணப்பூச்சு இருந்தால் இந்தக் கணக்கு நீளும். எத்தனை வருடம் நீளும் என்பது பூச்சின் தரத்தையும் எத்தனை கீறல் விழுகிறது என்பதையும் பொறுத்தது, அதற்கு எண் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

பிளாஸ்டிக்குக்குத் துரு இல்லை, கரையான் இல்லை, உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலக்காத பிளாஸ்டிக் நாலைந்து வருடத்தில் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். வாங்கும்போதே அதைப் பற்றி எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பிளாஸ்டிக் வெயிலில் நீளும். இரண்டு மீட்டர் பலகை, காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே 30 டிகிரி ஏறினால் 9 மில்லிமீட்டர் வரை நீளக்கூடும். திருகுத் துளைகளை நீள்வாக்கில் வைத்திருப்பது அதற்காகத்தான். அது தெரியாமல் இறுக்கி முறுக்கினால் பலகை வளையும், இல்லையென்றால் துளையோரம் கிழியும். சுவரில் ஆணி அடித்துக் கனமான சாமான் மாட்ட முடியாது என்பதும் ஒரு குறை. மண்வெட்டிகளுக்குத் தரையில் நிற்கும் தாங்கிதான் வைக்க வேண்டும்.

மரம் பார்க்க அழகு, வெயிலில் உள்ளே அவ்வளவு கொதிக்காது, எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம், ஒரு பலகை போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பராமரிப்பு உங்கள் தலையில். மண்ணை எந்த இடத்திலும் தொடக்கூடாது, அரையடி இடைவெளி விட்டால் கரையான் மண்வரி கட்டி ஏறும்போது கண்ணில் படும். மருந்து ஏற்றிய மரம் என்றால் என்ன மருந்து என்று கேளுங்கள். ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது வருபவை பெரும்பாலும் செம்பு கலந்தவை. அவை சாதாரண இரும்புத் திருகைச் சீக்கிரம் அரித்துவிடும், எவர்சில்வர் திருகு அல்லது கனமாகத் துத்தநாகம் முக்கியெடுத்த திருகுதான் வேண்டும். பழைய மரம் எங்காவது மலிவாகக் கிடைத்து அதில் மருந்து வாடை வந்தால், வெட்டிய துண்டை அடுப்பில் மட்டும் போடாதீர்கள்.

காற்றைப் பற்றி விளையாட்டாக நினைக்காதீர்கள். மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 55 கிலோ எடை அளவுக்கு அழுத்தம் தரும். கூரையின் மேல் அது அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். உங்கள் நாலரைச் சதுர மீட்டர் கூரைக்கு ஏறக்குறைய 250 கிலோ. ஷெட்டின் மொத்த எடையே 50, 60 கிலோதான் இருக்கும். கதவு திறந்து கிடந்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து தள்ளும். உள்ளே இருக்கும் சாமான் எடை காப்பாற்றும் என்பார்கள். சாமான் தரையில் இருக்கிறது, ஷெட்டோடு கட்டப்பட்டிருக்கவில்லை. ஷெட் மட்டும் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்து, மண்வெட்டி எல்லாம் அடுக்கியபடியே அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாலு அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு டன்னுக்கு மேல் எடை, அதோடு பூட்டினால் பயமில்லை. தளக்கற்களோடு பூட்டுவது போதாது, இரண்டடிச் சதுரக் கல் இரண்டு அங்குலத் தடிமனில் 40 கிலோவுக்குச் சற்றே அதிகம், நான்கு மூலையும் சேர்ந்து 170 கிலோதான். ஜல்லி அல்லது தளக்கல் தரை என்றால் நான்கு மூலையிலும் குழி தோண்டிக் கான்கிரீட்டில் கம்பியோ போல்ட்டோ பதித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். தளம் ஷெட்டின் அளவுக்கே இருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்படியானால் அடிச்சட்டம் தளத்தின் விளிம்பிலேயே உட்காரும். அந்தச் சட்டத்தின் வழியாக நேராகத் துளை போட்டு விரியும் போல்ட் அடித்தால் கான்கிரீட் விளிம்பு பிளந்துகொண்டு வரும். அதனால் உள்பக்கமாக எல் வடிவக் கிளாம்ப் வைத்து, ஒரு கையைச் சட்டத்தோடும் இன்னொரு கையை விளிம்பிலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளித் தரையோடும் பூட்டுங்கள். நான்கு மூலையிலும், ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒன்று. தளம் போட்ட ஒரு வாரத்துக்குள் துளை போட வேண்டாம்.

அடுத்தது, பலரும் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து என்னைக் கூப்பிடுகிற சங்கதி. மழையே பெய்யாத நாளில் காலையில் போய்ப் பார்த்தால் கூரையின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், கீழே அட்டைப் பெட்டி நனைந்திருக்கும். அது ஒழுக்கு இல்லை, வியர்வை. தெளிந்த வானமுள்ள இரவில் தகரக் கூரை சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டதும் நீராகிறது. புதுக் கான்கிரீட் போட்ட முதல் சில வாரங்கள் இது அதிகமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். நிரந்தரத் தீர்வு, ஈரம் உள்ளே வரும் வழியைக் குறைப்பதும் வந்த ஈரம் வெளியே போக வழி விடுவதும். முதலாவதற்குத்தான் அந்தப் பாலித்தீன் விரிப்பு. இரண்டாவதற்கு, எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று தாழ்வாகவும் ஒன்று முகட்டுக்குப் பக்கமாகவும் காற்றுத் துளை. துளைக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை போடுங்கள், சுண்டெலிக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டையே போதும். கூரைக்குக் கீழே தெர்மாகோல் ஒட்டலாமா என்பதில் எங்கள் தொழில்காரர்களிடையே ஒரே கருத்து இல்லை. தகரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால் பலன் உண்டு. இடைவெளி இருந்தால் அதற்குப் பின்னால் ஈரம் சேர்ந்து, கண்ணில் படாமலே கூரை அரிக்கும். நான் ஒட்டாத கட்சி, காற்றுத் துளைதான் என் வைத்தியம்.

பூட்டும் நாளுக்குக் காற்றில்லாத நாளாகப் பாருங்கள். இரண்டு பேர் தாராளமாகப் போதும், ஆனால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள். பாதி பூட்டிய ஷெட் ஒரு பாய்மரம், காற்று அடித்தால் முழுசாக நிற்பதைவிட அதுதான் முதலில் பறக்கும். தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பெட்டியைப் பிரித்ததும் எல்லாத் துண்டுகளையும் பரப்பி எண்ணிவிடுங்கள். திருகுகளை முதலில் தளர்வாகவே மாட்டி, சுவர் நாலும் நின்று மூலைவிட்டம் சரிபார்த்த பிறகுதான் முறுக்க வேண்டும். கூரைத் திருகின் ரப்பர் வாஷர் சமமாக அமுங்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கி அங்கேதான் ஒழுகும். எங்காவது தகட்டை வெட்ட வேண்டி வந்தால் கத்தரியால் வெட்டுங்கள். கிரைண்டர் வைத்தால் பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகித் துரு பிடிக்கும். துளை போட்ட இரும்புத் தூளையும் அன்றே துடைத்துவிடுங்கள். அடிச்சட்டத்துக்குக் கீழே சிலிக்கோன் தடவும்போது, வினிகர் மாதிரிப் புளித்த வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள், அந்த அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளே என்ன வைக்கக் கூடாது என்பதும் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் தோன்றியது. வெயில் நேரத்தில் மூடிய தகர ஷெட்டுக்குள் வெளியைவிடச் சூடு அதிகம். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து நிற்கும், ஒரு சின்னப் பொறி போதும். மெஷினில் இருப்பது இருக்கட்டும், கேனில் சேமித்து அங்கே வைக்க வேண்டாம். தாழ்வான காற்றுத் துளை இதற்கும் சேர்த்துத்தான். சார்ஜ் செய்யும் பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். உர மூட்டை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும், கசிவது தகரத்தைத் தின்னும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுச் சுவரைத் தொடாமல் வையுங்கள். விளக்குக்கு ஒரு சோலார் லைட் போதும். மின்சாரம்தான் வேண்டுமென்றால் எர்த்தும், கசிவு வந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் இல்லாமல் தகரப் பெட்டிக்குள் ஒயர் இழுக்காதீர்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை, நானே என் வீட்டில் அவரைத்தான் கூப்பிட்டேன். அனுமதி விஷயம் இடத்துக்கு இடம் மாறும். பரப்பு, உயரம், எல்லையிலிருந்து தூரம் மூன்றுக்கும் வரம்பு இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் என்ன வைப்பேன் என்றால், உப்புக்காற்றை நினைத்து, வெயில் உத்தரவாதம் உள்ள பிளாஸ்டிக் ஷெட். கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் சுவரில்தான் மாட்டியாக வேண்டும் என்றால் 275 கிராம் பூச்சுக்கு மேல் வண்ணமும் அடித்த தகரம். எதுவானாலும் கான்கிரீட் தளம். பணம் இரண்டுக்கும் பத்தாது என்றால் இந்த வருடம் தளத்தை மட்டும் போட்டுவிடுங்கள், ஷெட் அடுத்த வருடம் வரட்டும். ஆனால் வாங்கப் போகும் மாடலை இப்போதே முடிவு செய்து அதன் அடிச்சட்ட அளவுக்கே போடுங்கள். தளம் போடும் முன் ஒரு சின்னச் சோதனை. அரையடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து நனைத்துக் கயிறு மாதிரி உருட்டுங்கள். உருட்டும்போதே உடைந்துவிட்டால் நான் சொன்ன கணக்கு அப்படியே சரி. உடையாமல் நீளமாக, வழவழவென்று வந்தால் அது களி. அப்படியானால் தளத்துக்குள் கம்பி வலை வேண்டும், ஜல்லியும் இன்னும் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். உருட்டியதை ஒரு போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.